சண்டையைக் கேட்டால் சாப்பாட்டைச் சொல்வார்

கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "அப்பா மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். குன்னூர் பக்கத்து வெலிங்டனில் பயிற்சி, அப்புறம் பல ஊர்கள், 1987-ல் இலங்கை. சண்டையைப் பற்றிக் கேட்டால் லங்கர் (பட்டாளச் சமையல்கூடம்) சாப்பாடு, குளிர், பழுதாகி நின்ற லாரி என்றுதான் பேசுவார். போர் நாவல்கள் படித்தால் அவர் பட்டது எனக்குப் புரியுமா? எழுதியவர்கள் கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்களா? எதில் தொடங்கலாம்?"

முதலில் ஒன்று. உங்கள் அப்பா பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல போர் நாவல்களைத் திறந்து பாருங்கள், அவற்றிலும் சாப்பாடும் குளிரும் நின்றுபோன வண்டியும்தான் பக்கம் பக்கமாக இருக்கும். துப்பாக்கிச் சத்தம் கேட்கிற பக்கங்கள் குறைவு.

முதல் உலகப்போரைப் பற்றிய நாவல்களில் மிகப் பரவலாகப் படிக்கப்பட்டது எரிக் மரியா ரெமார்க்கின் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்'. 1929-ல் ஜெர்மனியில் புத்தகமாக வந்தது. அது தொடங்குவதே சாப்பாட்டு வரிசையில்தான். கம்பெனியில் 150 பேர். சமையல்காரன் 150 பேருக்கும் ஆக்கி வைத்திருக்கிறான். முன்வரிசையிலிருந்து திரும்பி வந்திருப்பவர்களோ 80 பேர். ஆளுக்கு இரண்டு பங்கு கிடைக்குமே என்று பையன்களுக்குக் கொண்டாட்டம். 80 பேருக்கு 80 பங்குதான் போடுவேன் என்று சமையல்காரன் அடம்பிடிக்கிறான். முதல் அத்தியாயத்தின் சண்டை அந்த அண்டாவைச் சுற்றித்தான் நடக்கிறது. வராமல் போனவர்களுக்காக யாரும் அங்கே அழுவதில்லை. வயிறு நிறைந்து, புகையிலையும் கூடுதலாகக் கிடைத்த நல்ல நாள் அது அவர்களுக்கு. மிச்சம் எழுபது பேர் எங்கே என்ற கேள்வி, படிக்கிற நமக்குத்தான் தொண்டையில் சிக்கும்.

அதே நாவலில் காலை இழந்து ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறான் ஒரு பையன். பார்க்க வந்த வகுப்புத் தோழனின் கண் அவனுடைய பூட்ஸ் மேலேயே இருக்கிறது. பேராசை ஒன்றும் இல்லை. நல்ல தோல் பூட்ஸ், இனிமேல் இவனுக்கு உதவாது, தன் கால்களோ சேற்றில் ஊறிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். பிறகு அந்த ஜோடி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். சிப்பாயின் அனுபவம் இந்த அளவில்தான் இருக்கிறது: பூட்ஸ், தட்டு, போர்வை, பக்கத்தில் படுத்திருப்பவன். நாட்டுப்பற்று, வரலாறு, வெற்றி தோல்வி எல்லாம் ஊரில் இருப்பவர்கள் பேசுவது. கதைசொல்லி லீவில் வீட்டுக்கு வரும்போது அதுதான் நடக்கிறது. அப்பாவுக்கு அவன் வாயால் போர்க்கதை கேட்க ஆசை. ஊர்ப் பெரியவர்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு எந்த இடத்தில் எதிரியை உடைத்துக்கொண்டு உள்ளே போகவேண்டும் என்று அவனுக்கே பாடம் எடுக்கிறார்கள். லீவில் வந்திருக்கவே கூடாது என்று தோன்றிவிடுகிறது அவனுக்கு.

குன்னூரில் நான் வாத்தியாராக இருந்தபோது வகுப்பில் பட்டாளத்துப் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். பிளாக் பிரிட்ஜ், பேரக்ஸ் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். அப்பா லீவில் வந்த வாரத்தில் அந்தப் பிள்ளைகள் ஒன்று அளவுக்கு மீறிப் பேசுவார்கள், இல்லையென்றால் வாயே திறக்க மாட்டார்கள். அந்த லீவு அத்தியாயத்தை நான் புரிந்துகொண்டது பாதி அவர்களிடமிருந்துதான்.

சரி, கூட்டிச் சொல்வது. நியாயமான சந்தேகம். ரெமார்க் போர்முனைக்குப் போனது 1917 ஜூனில். ஜூலை 31-ஆம் தேதி குண்டுச் சிதறல் பட்டது. அதோடு ஆஸ்பத்திரி, போர் முடிகிறவரை அவர் மறுபடி முன்வரிசைக்குப் போகவில்லை. ஆக, சில வாரங்கள்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் பல மாதங்கள், சுற்றிலும் காயம்பட்ட சிப்பாய்கள். அவர்களுடைய பேச்சும் அந்த நாவலில் இருக்கிறது. ஸ்டீபன் கிரேன் இன்னும் ஒரு படி மேலே. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது, அவர் பிறந்தது 1871-ல். ஒரு சண்டையையும் கண்ணால் காணாமலேயே, பயந்து ஓடிப்போகிற ஒரு பையனைப் பற்றி 1895-ல் 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' எழுதினார். அவரும் அந்தப் போரில் இருந்தவர்தான் என்று பழைய சிப்பாய்களே நம்பினார்கள்.

அதனால் எழுதியவர் அங்கே இருந்தாரா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கதையில் வருகிற சிப்பாய்க்கு எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் அதிகாரிகள் வரைபடத்தை விரித்துப் போட்டு, எந்தப் படைப்பிரிவு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று படிக்கிறார்கள். அது அவர்கள் வேலைக்கு வேண்டும். ஆனால் அந்த வரைபடத்தில் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிட்டவனுக்குத் தெரிவது முன்னால் போகிறவனின் முதுகும் கொஞ்சம் புகையும்தான். 1839-லேயே ஸ்தந்தால் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் இதைச் செய்துவிட்டார். அவருடைய நாயகன் வாட்டர்லூ சண்டைக்குள்ளேயே குதிரையில் சுற்றி வருகிறான், ஆனால் தான் பார்த்தது உண்மையிலேயே ஒரு போர்தானா என்று அவனுக்குச் சந்தேகம் தீர்வதே இல்லை. ஒரு நாவலில் சாதாரண சிப்பாய்க்கு எல்லாத் திசையும் தெரிகிறது என்றால், கூட்டிச் சொல்வது அங்கேதான்.

இப்போது நம் மலைக்கு வருகிறேன். நீலகிரியைப் பற்றிப் படித்தவர்களுக்கு டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற பெயர் தெரிந்திருக்கும். இங்கிலாந்து மருத்துவர், மானிடவியல் அறிஞர். 1901-02-ல் இங்கே வந்து தங்கி, தோடர்களின் மந்துகளுக்கு (குடியிருப்புகளுக்கு)ப் போய், யார் யாருக்கு என்ன உறவு என்று வம்சாவளி வம்சாவளியாகக் கேட்டுக் குறித்து, 1906-ல் தோடர்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதியவர். இன்றைக்கும் தோடர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது. அதே ரிவர்ஸ்தான் முதல் உலகப்போரின்போது ராணுவ மருத்துவராக, எடின்பரோவுக்குப் பக்கத்தில் கிரெய்க்லாக்ஹார்ட் என்ற ஆஸ்பத்திரியில், மனம் உடைந்து வந்த அதிகாரிகளுக்கு வைத்தியம் பார்த்தார். போரை எதிர்த்து 1917-ல் பகிரங்க அறிக்கை விட்ட கவிஞர் சீக்ஃபிரீட் சஸ்ஸூன் அவருடைய நோயாளிகளில் ஒருவர்.

அந்தக் காலத்து வைத்தியம், "அதையெல்லாம் மறந்துவிடு, வேறு எதையாவது நினை" என்பது. நம் வீடுகளிலும் இதைத்தானே சொல்கிறோம். ரிவர்ஸ் அதற்கு நேர் எதிராகச் சொன்னார். பகல் முழுக்க அமுக்கி வைப்பது ராத்திரியில் கனவாக வருகிறது. அமுக்கச் சொல்வதே நோயைக் கூட்டுகிறது. நடந்ததை நினைக்கவும் பேசவும் இடம் கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கக்கூடியதாகிறது. அதற்காக எந்நேரமும் அதையே தோண்டச் சொல்லவும் இல்லை அவர். 1918-ல் லான்செட் மருத்துவ இதழில் இதைக் கட்டுரையாக எழுதினார். இன்னொன்றையும் கவனித்திருக்கிறார்: அதிகாரிகளுக்குக் கெட்ட கனவும் பதற்றமும் வந்தன. சாதாரண சிப்பாய்களுக்குப் பேச்சே நின்றுபோவதும் கைகால் விளங்காமல் போவதும் அதிகம். ரிவர்ஸுக்கே திக்குவாய் இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

பாட் பார்க்கர் 1991-ல் எழுதிய 'ரீஜெனரேஷன்' இந்த ஆஸ்பத்திரியையும் ரிவர்ஸையும் வைத்து எழுந்த நாவல். மூன்று நாவல்கள் கொண்ட வரிசையில் முதலாவது. மூன்றாவதற்கு 1995-ல் புக்கர் பரிசு கிடைத்தது. பார்க்கர் பிறந்தது 1943-ல், அந்தப் போரை அவர் பார்த்திருக்க வழியில்லை. தாத்தாவின் உடம்பில் இருந்த பயனெட் தழும்பைப் பார்த்து வளர்ந்தவர். தாத்தா அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. முதல் நாவலில் சண்டைக்களமே கிட்டத்தட்ட இல்லை. ஓர் அறை, இரண்டு நாற்காலி, பேச்சு. ஆனால் அதில் ஒரு பயங்கரம் உண்டு: ரிவர்ஸ் நல்ல டாக்டர், அவர் குணப்படுத்துகிறவன் திரும்பவும் போர்முனைக்குத்தான் அனுப்பப்படுவான். அவர் கைராசி எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவ்வளவு பேர் சாகப் போகிறார்கள். உங்கள் நிலையில் இருப்பவருக்கு ரெமார்க்கைவிட இதுதான் நெருக்கம் என்பேன். தோடர் மந்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கப் பழகிய மனிதர்தான் அந்த அறையிலும் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு எப்போதும் தோன்றும். இதை நாவல் சொல்லவில்லை, இது என் ஊர்ப் பாசம்.

பேசாமல் இருப்பதற்கு இன்னொரு வழி சிரிப்பு. ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்சா கடைசிக் காலத்தில் குன்னூரில் வாழ்ந்து, 2008-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார், ஊட்டியில் அடக்கம் செய்தார்கள். 1942-ல் பர்மாவில் சித்தாங் ஆற்றுப் பக்கம் வயிற்றில் குண்டுகள் பாய்ந்து பிழைத்தவர். என்ன ஆயிற்று என்று டாக்டர் கேட்டதற்கு, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்றாராம். நம் பக்கத்தில் பட்டாளத்துக்காரர்கள் எல்லாரும் சொல்கிற கதை. ஜோசப் ஹெல்லரின் 'கேட்ச்-22' 1961-ல் வந்தது. அதைப் படித்தவர்களுக்கு இந்தச் சிரிப்பு விளங்கும். ஹெல்லர் இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர். பைத்தியம் பிடித்தவனைப் பறக்கவிடாமல் நிறுத்தலாம், ஆனால் நிறுத்தச் சொல்லி அவனே கேட்டால் அவனுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று பொருள், ஆகவே பற. இந்த விதியை வைத்து நூற்றுக்கணக்கான பக்கம் சிரிக்க வைத்துவிட்டு, கடைசியில் விமானத்துக்குள் ஒரு பையன் சாகிறதைக் காட்டுகிறார். அதுவரை சிரித்த ஒவ்வொன்றும் அந்தச் சாவைத் தள்ளிப்போடத்தான் என்று அப்போது தெரிகிறது.

நம் ஆட்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் உலகப்போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள், 74,000 பேர் அளவில் இறந்தார்கள். பெரும்பாலானோருக்கு எழுதத் தெரியாது. இன்னொருவரைக் கொண்டு எழுதிய கடிதங்களையும் தணிக்கைக்காரர்கள் படித்து, மொழிபெயர்த்து, குறிப்பெடுத்து வைத்தார்கள். தணிக்கை இருப்பது சிப்பாய்க்கும் தெரியும். அதனால் இந்தியச் சிப்பாய்களைக் கருமிளகு என்றும் வெள்ளைக்காரர்களைச் சிவப்பு மிளகு என்றும் மறைத்து எழுதினார்கள். எது தீர்ந்துகொண்டு வருகிறது என்று ஊரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். இந்தச் சிப்பாய்களுக்காக முல்க் ராஜ் ஆனந்த் 1930-களின் கடைசியில் எழுதியதுதான் 'அக்ராஸ் தி பிளாக் வாட்டர்ஸ்'. அவருடைய அப்பா டோக்ரா ரெஜிமெண்டில் இருந்தவர். நாயகன் லாலு பஞ்சாப் விவசாயி மகன், குடும்பத்தின் நிலம் போய்விட்டது, வீரம் காட்டினால் நிலம் கிடைக்குமா என்பதுதான் அவன் கணக்கு. பிரான்சில் இறங்கியதும் அவன் கண் முதலில் போவது அங்கே விவசாயி எப்படி வாழ்கிறான் என்பதில். வெள்ளைக்காரர் ஒருவர் தனக்குப் பரிமாறுவதை நம்ப முடியாமல் பார்க்கிறான். அப்புறம் குளிர். 1914 இலையுதிர் காலத்தில் இந்தியப் படைகள் பருத்தி உடையோடு போய் இறங்கின, கம்பளி உடை தாமதமாகத்தான் வந்தது. ஊட்டி டிசம்பரில் ராத்திரி டியூட்டி பார்த்த யாரும் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்ட மாட்டார்கள்.

தமிழில் ப. சிங்காரம். 'புயலிலே ஒரு தோணி' எல்லாரும் சொல்வது, 1972-ல் வந்தது. உங்களுக்கு நான் சொல்வது அதற்கு முந்தைய, சின்ன நாவலான 'கடலுக்கு அப்பால்', 1959. பினாங்கில் வட்டிக்கடையில் வேலை பார்க்கும் செல்லையா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துவிட்டுத் திரும்பி வருகிறான். முதலாளியின் மகள் மரகதமும் அவனும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். முதலாளிக்கு அவன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் துப்பாக்கி பிடித்தவன் இனி தொழிலுக்கு ஆகமாட்டான் என்று முடிவு கட்டிவிடுகிறார். அவன் தப்பு எதுவும் செய்யவில்லை, கணக்கும் மறக்கவில்லை. ஆனாலும் அவன் கடையின் பழைய அடுத்தாள், அதாவது உதவியாள், இல்லை. சண்டை முடிந்த பிறகு ஒரு சிப்பாய்க்கு ஊரில் கிடைக்கும் இடம் எது என்பதை இவ்வளவு சத்தமில்லாமல் சொன்ன தமிழ் நாவல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

உங்கள் அப்பாவின் 1987 இதைவிடக் கஷ்டமானது. ஜூலையில் அமைதிப்படை என்று போனார்கள், அக்டோபரில் புலிகளோடு சண்டை. 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் ஏறக்குறைய 1,200 இந்தியச் சிப்பாய்கள் இறந்திருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க முதலமைச்சர் போகவில்லை, தமிழர்களைக் கொன்ற படை என்ற கோபம் அன்றைக்குத் தமிழ்நாட்டில் இருந்தது. மதராஸ் ரெஜிமெண்ட் ஆட்களுக்கு இது இரட்டைச் சுமை. எதிரே நிற்பவர்கள் பேசுவது புரிகிற பாஷை, கதவைத் தட்டினால் உள்ளே அழுகிறவர் அழுவதும் புரிகிற பாஷை. வடக்கத்திச் சிப்பாய்க்கு இல்லாத பாரம் இது.

அதனால் ஈழத்து நாவல்களையும் படியுங்கள். ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) இயக்கத்தில் சிறுவனாகச் சேர்ந்து, பின்பு பிரான்சில் அகதியானவர் எழுதியது. கிண்டலும் கசப்புமாகப் போகும். குணா கவியழகனின் 'நஞ்சுண்டகாடு' பயிற்சி முகாமைப் பற்றியது. பசி, தூக்கமின்மை, கட்டளை, பக்கத்தில் இருப்பவன் மேல் வரும் பாசம். சீருடையை மாற்றிவிட்டால் வெலிங்டனில் பயிற்சி எடுத்தவர்களும் பல பக்கங்களில் தங்களைக் காண்பார்கள். ஆனால் ஈழத்து இலக்கியத்தில் இந்தியச் சிப்பாய் பெரும்பாலும் பயமுறுத்துகிற ஓர் ஆள்தான். அது உங்களுக்கு வலிக்கும். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் டேன்டீ என்கிற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்களில் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன! அந்த வீடுகளிலும் போர் பற்றிய நினைவு உண்டு, அது உங்கள் வீட்டு நினைவாக இருக்காது. இரண்டும் ஒரே பேருந்தில்தான் குன்னூருக்கு இறங்குகின்றன.

சண்டையை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருப்பதைச் சொல்கிற பழக்கம் நமக்குப் புதிது இல்லை. முல்லைப்பாட்டில் அரசன் பாசறையில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கிறான். துதிக்கை வெட்டுப்பட்ட யானைகளையும், செத்துப்போன வீரர்களையும், அம்பு தைத்த வலியில் காதைச் சாய்த்துக்கொண்டு புல் தின்னாமல் நிற்கும் குதிரைகளையும் நினைக்கிறான். நெடுநல்வாடையில் வாடைக்காற்றோடு மழை தூறுகிற நடுராத்திரியில் அரசன் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். இரண்டு பாட்டும் சண்டை நடக்கிற நேரத்தை விட்டுவிட்டு ராத்திரியை எடுத்துக்கொண்டன. பரணி பாடியவர்கள் பிணக்குவியலைப் பாடினார்கள். எனக்கு என்னவோ அந்தக் குதிரைதான் மனதில் நிற்கிறது.

நாவல்களுக்கும் ஒரு மாமூல் வந்துவிட்டது, அதையும் சொல்லவேண்டும். சிப்பாய் என்றால் அப்பாவிப் பையன், அதிகாரி என்றால் முட்டாள், ஊர்ப் பெரியவர் என்றால் வாய்ச்சொல் வீரர். நிஜத்தில் பட்டாளத்தை நேசித்தவர்கள் உண்டு. அங்கே கிடைத்த நட்பு வேறெங்கும் கிடைக்கவில்லை என்று சொல்கிற எத்தனையோ பேரைப் பேரக்ஸ் பக்கம் டீக்கடைகளில் பார்க்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ரெமார்க் இருந்த அதே மேற்கு முனையில், அதே ஜெர்மன் பக்கத்தில், ஏறக்குறைய முழுப் போரையும் பார்த்தவர் எர்ன்ஸ்ட் யுங்கர், பதினான்கு முறை காயம்பட்டவர். அவருடைய 'ஸ்டார்ம் ஆஃப் ஸ்டீல்' (1920) நாவல் அல்ல, நாட்குறிப்பிலிருந்து எழுதிய நினைவு நூல். அதில் போரின் மேல் ஒரு மயக்கமே தெரியும். எனக்கு அந்த மயக்கம் பிடிக்காது. ஆனால் அதைப் படிக்காமல் ரெமார்க்கை மட்டும் படித்தால் சிப்பாயில் பாதிதான் தெரியும்.

அப்பாவிடம் கேட்பது பற்றி: "பயமாக இருந்ததா", "யாரையாவது சுட்டீர்களா" என்று தொடங்காதீர்கள். அவர் தானாகச் சொல்கிறதற்குள்ளேயே போங்கள். லாரி எங்கே நின்றது, யார் ஓட்டினது, பின்னால் எத்தனை பேர், பொழுது சாய்வதற்குள் கிளம்ப முடிந்ததா? பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். அவருக்கு நிஜமாகவே ராத்திரித் தூக்கம் இல்லை, கனவில் கத்துகிறார் என்றால் அது நாவல் தீர்க்கிற காரியம் இல்லை, ராணுவ மருத்துவமனை டாக்டரிடம்தான் போகவேண்டும்.

வரிசை கேட்டீர்கள். 'கடலுக்கு அப்பால்' முதலில். சிங்காரத்தின் இரண்டு நாவல்களும் ஒரே தொகுப்பாகவும் வந்திருக்கின்றன, அதையே வாங்கிவிடலாம். சிறிய நாவல், அப்பாவுக்கும் கொடுக்கலாம், கதை நடக்கிற வட்டிக்கடை அவருக்குச் சுவாரசியமாக இருக்கும். அடுத்து ரெமார்க், அப்புறம் பார்க்கர். ஆனந்த் பஞ்சாபிப் பேச்சை அப்படியே ஆங்கிலத்தில் போட்டிருப்பார், முதலில் இடறும், கொஞ்ச தூரம் போனால் பழகிவிடும். ஈழ நாவல்களை அப்பா பார்க்கிற மாதிரி மேஜையில் போட்டு வைப்பதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். யுங்கர் கடைசியில் போதும். மற்றவர்களைப் படித்த பிறகு எடுத்தால்தான் அவரோடு சண்டை போட உங்களிடம் ஏதாவது இருக்கும்.